அன்னா, இன்னா? ஆங்கிலத்தில் ‘இல்லாத’தைச் சொல்லப் பழகுவோம்

சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு மாடியில் நடக்கும் என் மாலை வகுப்புக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் நாள் சொல்வது கிட்டத்தட்ட ஒரே வாக்கியம். “மிஸ், எனக்கு ஒண்ணுமே தெரியாது, ஏபிசிடியில இருந்து ஆரம்பிங்க.” நான் அங்கிருந்து ஆரம்பிப்பதில்லை. எப்படி வந்தீர்கள் என்று கேட்பேன். தருமபுரியிலிருந்து நான்ஸ்டாப் பஸ்ஸில் என்பார் ஒருவர். ஈரோட்டிலிருந்து அன்ரிசர்வ்டு பெட்டியில், நின்றுகொண்டே வந்தேன் என்பார் இன்னொருவர். மதியம் எங்கே சாப்பிட்டீர்கள்? பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம், அன்லிமிடெட் மீல்ஸ். வீடு சொந்தமா? “மனை ஒண்ணு வாங்கிப் போட்டிருக்கோம் மிஸ், ஆனா அன்அப்ரூவ்டு.”

ஆகிவிட்டது நான்கு சொல். நான்கும் ‘இல்லை’ என்பதைத் தலையில் சுமந்துகொண்டு நிற்கும் ஆங்கிலப் பெயரடைகள். ஒன்றுமே தெரியாதவர்கள் வாயிலிருந்து வந்தவை.

அவர்களைப் போன்றவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். கொலுசுப் பட்டறையிலோ, ஜவ்வரிசி ஆலை ஆபீஸிலோ, ஏற்காட்டு லாட்ஜ் கவுன்டரிலோ வேலை பார்த்துக்கொண்டே ஆங்கிலம் பழகுகிறவர்களுக்கு. ‘ஹேப்பி’ எப்படி ‘அன்ஹேப்பி’ ஆகிறது, ‘பாசிபிள்’ ஏன் ‘அன்பாசிபிள்’ ஆகாமல் ‘இம்பாசிபிள்’ ஆகிறது என்பதுதான் விஷயம். இதற்கு விதி உண்டு, ஆனால் பாதி தூரம்தான் கூட வரும். மீதிக்கு மனப்பாடம்தான். எது வரைக்கும் விதியை நம்பலாம் என்று தெரிந்துகொண்டால் மனப்பாடம் செய்ய வேண்டியது நிறையக் குறைந்துவிடும்.

‘நாட்’ போட்டால் போதாதா?

எல்லோரும் கேட்கிற கேள்வி. பாதி நேரம் போதும். ‘தி ரூம் இஸ் நாட் கிளீன்’ என்றால் தப்பே இல்லை. சந்தேகம் வந்தால் ‘நாட்’ போட்டுத் தப்பித்துக்கொள்ளுங்கள் என்று நானே சொல்வேன்.

ஆனால் இரண்டு இடத்தில் ‘நாட்’ கையை விரித்துவிடும். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அது நிற்காது. ‘எ நாட் கம்ஃபர்டபிள் சேர்’ என்று சொல்ல முடியாது. ‘ஆன் அன்கம்ஃபர்டபிள் சேர்’ என்றே சொல்லியாக வேண்டும். அதேபோல ‘வெரி’க்குப் பின்னால் உட்காராது. ‘வெரி நாட் ஹேப்பி’ என்று யாரும் பேசுவதில்லை, ‘வெரி அன்ஹேப்பி’தான். ஆக, நாற்காலிக்கு முன்னாலும் ‘வெரி’க்குப் பின்னாலும் நமக்கு இந்த ஒட்டுச் சொற்கள் வேண்டும்.

தமிழில் இந்த வேலையைச் சொல்லின் வால் செய்கிறது. பழுக்காத, உப்பில்லாத, பயனற்ற. கடைசி வரை கேட்டால்தான் உண்டா இல்லையா என்று தெரியும். ஆங்கிலம் வாசலிலேயே சொல்லிவிடுகிறது. ‘அன்’ என்று வாயைத் திறந்ததுமே இல்லை என்று ஆகிவிட்டது. இந்தத் தலைகீழ் பழக்கம்தான் நம்மவர்களைத் தடுமாற வைக்கிறது. அதுவும் ரொம்பப் புதிதல்ல. நியாயம், அநியாயம். சுத்தம், அசுத்தம். நீதி, அநீதி. வடமொழி வழியாக வந்த இந்தச் சொற்களில் நாமும் தலையிலேயே மறுக்கிறோம். அந்த ‘அ’வும், ஆங்கிலத்தின் ‘அன்’னும், லத்தீனிலிருந்து வந்த ‘இன்’னும், கிரேக்கத்திலிருந்து வந்த ‘ஏ’யும் ஒரே மூதாதையின் பிள்ளைகள் என்பது மொழியியலில் நிலைபெற்ற விஷயம். அநியாயமும் ‘அன்ஃபேர்’உம் பங்காளிகள்.

முதலில் தோலை உரித்துப் பாருங்கள்

ஒட்டு போடுவதற்கு முன்னால், ஒட்டை அடையாளம் காணப் பழகுங்கள். சொல்லின் தலையை வெட்டிப் பாருங்கள். மிச்சம் ஒரு முழுச் சொல்லாக, எதிர்ப்பொருளோடு நின்றால் அது ஒட்டு. ‘அன்ஃபிட்’டில் ‘அன்’னை எடுத்தால் ‘ஃபிட்’ நிற்கிறது. ‘அங்கிள்’ உச்சரிப்பில் ‘அங்’ ஆனாலும் எழுத்தில் யு-என் என்றுதான் தொடங்குகிறது. வெட்டிப் பார்த்தால் மிஞ்சுவது எதற்கும் உதவாது. ‘இன்ஸ்பெக்டர்’, ‘டிஸ்ட்ரிக்ட்’, ‘இம்பார்ட்டன்ட்’ எல்லாம் இப்படித்தான், முகத்தில் ஒட்டு போலத் தெரியும், ஆனால் எதையும் மறுப்பதில்லை.

இன்னொன்றையும் இப்போதே ஒதுக்கிவிடலாம். போனை ‘அன்லாக்’ செய்கிறோம். அது வினை. அங்கே ‘அன்’ என்றால் ‘இல்லை’ அல்ல, செய்ததைத் திரும்ப அவிழ்ப்பது. பெட்டியை ‘அன்பேக்’ செய்வதும் அப்படியே. நமக்கு இன்று வேண்டியது பெயரடை மட்டும். பின்னால் ‘ரூம்’, ‘மேன்’, ‘ஃபுரூட்’ என்று ஏதாவது போட்டுப் பாருங்கள், ஒட்டிக்கொண்டால் பெயரடை.

‘அன்’: தெருவில் கிடைக்கும்

ஒட்டுகளில் ‘அன்’தான் வீட்டுப் பிள்ளை. பழைய ஆங்கிலத்திலேயே இருந்தது, இன்றைக்கும் புதுச் சொற்களில் தயங்காமல் ஏறிக்கொள்கிறது. சின்னச் சின்ன வீட்டுச் சொற்கள் எல்லாம் பெரும்பாலும் இதைத்தான் எடுக்கும்: அன்ஹேப்பி, அன்கைண்ட், அன்ஃபேர், அன்சேஃப், அன்லக்கி, அன்ஹெல்த்தி, அன்ட்ரூ.

‘-டு’ என்றோ ‘-இங்’ என்றோ முடியும் சொற்கள் இதைவிட நிச்சயம். ரிசர்வ் செய்தது ‘ரிசர்வ்டு’, செய்யாதது ‘அன்ரிசர்வ்டு’. ஏற்காடு எக்ஸ்பிரஸ் ரயிலின் கடைசிப் பெட்டியைத் துரத்தி ஓடியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சம்பளம் வராதது ‘அன்பெய்ட்’. கல்யாணம் ஆகாதவர் ‘அன்மேரீடு’. தெரியாத எண் ‘அன்நோன் நம்பர்’. அங்கீகாரம் இல்லாத மனை ‘அன்அப்ரூவ்டு’. அதை வரைமுறைப்படுத்த 2017-ல் தமிழக அரசு விதி கொண்டுவந்த பிறகு இந்த ஆங்கிலச் சொல் கிராமத்துப் பெரியவர்கள் வாயிலும் ஏறிவிட்டது. இந்த வகையில் மறக்கக் கூடாத விலக்கு ஒன்று: ‘எக்ஸ்பீரியன்ஸ்டு’க்கு எதிர்ச்சொல் ‘இன்எக்ஸ்பீரியன்ஸ்டு’. வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்கள் அடிக்கடி தப்புவிடும் இடம்.

ஏற்காட்டில் காபித் தோட்டங்களுக்குப் போனால் ‘வாஷ்டு’, ‘அன்வாஷ்டு’ என்று இரண்டு சொல் காதில் விழும். அன்வாஷ்டு என்றதும் அழுக்கு என்று நினைத்துவிடாதீர்கள். பழத்தின் சதையை எந்திரத்தில் உரித்து, கொட்டையைக் கழுவிக் காயவைத்தால் அது வாஷ்டு. பழத்தை அப்படியே முழுசாகக் களத்தில் கொட்டி, சருகாகும் வரை வெயிலில் புரட்டிக் காயவைத்தால் அன்வாஷ்டு, செர்ரி காபி என்றும் சொல்வார்கள். இங்கே ‘அன்’ குறை சொல்லவில்லை. ஒரு வேலையைச் செய்யவில்லை என்று மட்டும் சொல்கிறது. ‘-டு’ சொற்களுக்கு முன்னால் வரும் ‘அன்’னுக்கு இந்தக் குணம் உண்டு. அன்ரிசர்வ்டு பெட்டி மட்டமான பெட்டி அல்லவே, ரிசர்வ் செய்யாத பெட்டி, அவ்வளவுதான்.

மாங்காய் மண்டியில் ஒரு நுணுக்கம்

சித்திரை, வைகாசியில் சேலத்து மண்டிக்குப் போய்ப் பாருங்கள். வியாபாரி ஒரு காயைக் கையில் எடுத்து, காம்புக்குப் பக்கத்தில் தோள் ஏறியிருக்கிறதா என்று கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். பச்சையாகத்தான் இருக்கும், கல் மாதிரி. ஆனாலும் “முத்தின காய், நாலு நாள்ல பழுத்துடும்” என்பார். அடுத்த கூடையில் இருப்பதும் அதே பச்சை, அதே கடினம். “இது முத்தல, வெம்பிப் போயிடும்” என்று தள்ளிவிடுவார்.

தமிழில் பழுக்காதது வேறு, முற்றாதது வேறு. ஆங்கிலத்திலும் அப்படியே. பழுக்காதது ‘அன்ரைப்’. முற்றாதது ‘இம்மெச்சூர்’. முதல் கூடையிலுள்ள காய் அன்ரைப், ஆனால் மெச்சூர். இரண்டாவது கூடையிலுள்ளது அன்ரைப், இம்மெச்சூர் இரண்டும். மாம்பழக்கூழ் ஏற்றுமதி செய்யும் ஆபீஸில் மெயில் அடிக்கிற ஒரு மாணவி இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்து எழுதிக்கொண்டிருந்தாள். மண்டி கதையைச் சொன்னதும், “அட, எங்கப்பா தினமும் சொல்றதுதானே மிஸ்” என்றாள். அப்பா சொல்வதுதான்.

கவனித்தீர்களா, ஒன்றுக்கு ‘அன்’, மற்றதுக்கு ‘இம்’. இந்த ‘இம்’ எங்கிருந்து வந்தது?

‘இன்’ குடும்பமும் ஐந்து ரோடும்

‘இன்’ லத்தீன் சரக்கு. பிரெஞ்சு வழியாகவும் நேரடியாகவும் ஆங்கிலத்துக்குள் வந்தது. அதனால் அதற்குக் கொஞ்சம் ஆபீஸ் வாசனை உண்டு. அன்றாடம் எங்கே பார்க்கிறோம்? திரைகளில். இன்வாலிட் ஓடிபி. இன்கரெக்ட் பாஸ்வேர்டு. இன்கம்ப்ளீட் அப்ளிகேஷன். ஏடிஎம்மில், மாதக் கடைசியில், இன்சஃபிஷியன்ட் பேலன்ஸ். ‘அன்’ தெருவில் கற்றுக்கொண்ட சொல் என்றால் ‘இன்’ பேங்க்கில் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்ட சொல்.

இந்த ‘இன்’ மட்டும் அடுத்து வரும் எழுத்தைப் பார்த்து முகத்தை மாற்றிக்கொள்ளும். பி, பி என்று நம் காதுக்கு ஒன்றுபோலக் கேட்கும் இரண்டு எழுத்துக்கும் (பென்னின் பி, பஸ்ஸின் பி), எம்முக்கும் முன்னால் ‘இம்’: இம்பாசிபிள், இம்பொலைட், இம்பர்ஃபெக்ட், இம்மெச்சூர், வெள்ளிப் பட்டறைக்காரர்களுக்குத் தேவையான இம்ப்யூர். எல்லுக்கு முன்னால் ‘இல்’: இல்லீகல், இல்லாஜிக்கல், கையெழுத்து புரியாத மருந்துச்சீட்டுக்கு இல்லெஜிபிள். ஆருக்கு முன்னால் ‘இர்’: இர்ரெகுலர், இர்ரெலவன்ட், இர்ரெஸ்பான்சிபிள். மற்ற எழுத்துக்களுக்கு முன்னால் ‘இன்’னாகவே இருக்கும்.

இதை விதியாகப் படித்தால் மறந்துபோகும். நம் ஊரில் ஐந்து ரோடு என்று ஓர் இடம் இருக்கிறது அல்லவா, அங்கே நின்று யோசியுங்கள். ‘ரோடு’ வந்தால் ஐந்து ஐந்தாகவே நிற்கிறது. ‘பது’ வந்தால்? ஐந்துபது என்று யாரும் சொல்வதில்லை, ஐம்பது. ‘கரம்’ வந்தால் ஐங்கரன். ‘நூறு’ வந்தால் ஐந்நூறு. அடுத்து வரும் எழுத்துக்கு வாய் முன்கூட்டியே தயாராகிவிடுகிறது. ‘ப’ சொல்ல உதடு இரண்டும் மூட வேண்டும். மூடப் போகிற உதடு சற்று முன்னாலேயே மூடிக்கொள்வதால் ‘ம்’ வந்து நிற்கிறது. ‘இன்பாசிபிள்’ என்று பத்துத் தடவை வேகமாகச் சொல்லிப் பாருங்கள், ஐந்தாவது தடவைக்குள் ‘இம்’ தானாக வந்துவிடும். பள்ளியில் புணர்ச்சி விதி என்று படித்து வெறுத்தோமே, அதேதான்.

ஒரு ஆஸ்பத்திரி போர்டு இங்கே குழப்பும். ‘இன்பேஷன்ட்’ என்று எழுதியிருப்பது உள்நோயாளி. இந்த ‘இன்’ உள்ளே என்ற பொருளுடைய ஆங்கிலத்தின் சொந்தச் சொல், லத்தீன் மறுப்பு அல்ல, அதனால் ‘ம்’ ஆக மாறாமல் நிற்கிறது. பொறுமையில்லாதவர் ‘இம்பேஷன்ட்’. டோக்கன் வாங்கி மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் ஒருவரே இரண்டாகவும் இருக்கலாம்.

பெரிய எச்சரிக்கை ஒன்று. இந்தப் புணர்ச்சி ‘இன்’னுக்கு மட்டும்தான். லத்தீனிலேயே நடந்து முடிந்த மாற்றத்தை ஆங்கிலம் அப்படியே வாங்கிக்கொண்டது. வீட்டுப் பிள்ளையான ‘அன்’ யாருக்காகவும் எழுத்தை மாற்றிக்கொள்ளாது: அன்பாபுலர், அன்பெய்ட், அன்லக்கி, அன்மேரீடு, அன்ரைப், அன்ரிலையபிள். ‘ஆருக்கு முன்னால் இர்’ என்று விதியைப் படித்துவிட்டு ‘இர்ரிலையபிள்’ என்று எழுதுகிறவர்கள் நிறைய. முதலில் அன்னா, இன்னா என்று முடிவு செய்யுங்கள். இன் என்று ஆன பிறகுதான் புணர்ச்சி.

சரி, எப்படி முடிவு செய்வது?

இங்கேதான் விதி பாதி தூரம் என்றேன். நான் நம்பும் அடையாளங்கள் இவை.

சொல் ஏற்கெனவே ‘இன்’ அல்லது ‘இம்’ என்று தொடங்கினால் ‘அன்’ போடுங்கள். அன்இம்பார்ட்டன்ட், அன்இன்ட்ரஸ்டிங், அன்இன்டென்ஷனல். ‘இன்இன்’ என்று யார் வாயும் திக்குவதை விரும்பாது.

‘-இபிள்’ என்று ஐ-பி-எல்-இ எழுத்தில் முடிந்தால் பெரும்பாலும் ‘இன்’ குடும்பம்: இன்விசிபிள், இன்ஃப்ளெக்சிபிள், இன்எலிஜிபிள், இம்பாசிபிள், இர்ரெஸ்பான்சிபிள், இல்லெஜிபிள். ‘-ஏபிள்’ என்று ஏ-பி-எல்-இ எழுத்தில் முடிந்தால் இந்த நிச்சயம் கிடையாது. அன்கம்ஃபர்டபிள், அன்அவாய்டபிள் ஒரு பக்கம், இன்கேபபிள், இன்க்யூரபிள் மறுபக்கம். இரண்டும் காதுக்கு ஒன்றுபோலவே கேட்பதால் எழுதிப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

‘-என்ட்’, ‘-ஆன்ட்’ என்று முடிபவற்றிலும் ‘இன்’ குடும்பத்துக்குத்தான் கை ஓங்கியிருக்கிறது: இன்கன்வீனியன்ட், இன்எஃபிஷியன்ட், இம்பேஷன்ட், இர்ரெலவன்ட். ஆனால் ‘அன்பிளசன்ட்’ என்று ஒன்று அடம்பிடித்து நிற்கும். ‘டிஸ்ஒபீடியன்ட்’ இன்னொரு பக்கம் ஓடும்.

இவற்றில் எதிலும் சேராத சொற்களைப் பட்டியலாகப் படிக்காதீர்கள், ஜோடியாகப் படியுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டில் ‘டைரக்ட், இன்டைரக்ட்’ என்று பக்கத்தில் பக்கத்தில். கடைப்பலகை, படிவம், போன் திரை, எங்கே பார்த்தாலும் ஒன்று எழுதிக்கொள்ளுங்கள். தனிச்சொல்லாக நினைவில் நிற்காதது ஜோடியாக நிற்கும்.

பெயரடை பெயர்ச்சொல்லாக மாறும்போது ஒட்டும் மாறுகிற கூத்தும் உண்டு. முடியாதவர் ‘அன்ஏபிள்’, முடியாமை ‘இன்எபிலிட்டி’. ‘அன்ஈக்வல்’, ஆனால் ‘இன்ஈக்வாலிட்டி’. ‘அன்ஸ்டேபிள்’, ஆனால் ‘இன்ஸ்டெபிலிட்டி’. ஏன் என்று கேட்டால் சொற்கள் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு வாசல் வழியாக ஆங்கிலத்துக்குள் வந்ததுதான் காரணம். இந்த மூன்றை மட்டும் வைத்துக்கொண்டால் இப்போதைக்குப் போதும்.

எழுத்துக் கணக்கு

ஒட்டின் கடைசி எழுத்தும் சொல்லின் முதல் எழுத்தும் ஒன்றானால் இரண்டையும் எழுத வேண்டும். எதையும் விழுங்கக் கூடாது. ஒட்டும் இடத்தில் மட்டும் எண்ணுங்கள்: இல்லீகலில் இரண்டு எல். இர்ரெகுலரில் இரண்டு ஆர். இம்மெச்சூரில் இரண்டு எம். ‘நெசசரி’ என் எழுத்தில் தொடங்குவதால் ‘அன்நெசசரி’யில் இரண்டு என். ‘சாட்டிஸ்ஃபைடு’ எஸ்ஸில் தொடங்குவதால் ‘டிஸ்சாட்டிஸ்ஃபைடு’வில் இரண்டு எஸ்.

உச்சரிக்கும்போது ஆங்கிலேயர் பெரும்பாலும் ஒற்றை ஒலியாகத்தான் சொல்கிறார்கள், ‘இலீகல்’, ‘இரெகுலர்’ என்பதுபோல. நாம் ‘இல்ல்லீகல்’ என்று அழுத்துவோம். தமிழில் ‘பலி’யும் ‘பல்லி’யும் வேறு வேறு ஆயிற்றே, நம் நாக்கு எழுத்தை வீணாக்காது. பேச்சில் அது பெரிய குற்றமில்லை. சொல்லப்போனால் எழுத்துப்பிழை வராமல் இருக்க நம் அழுத்தம் நல்லதுதான்.

‘டிஸ்’, ‘நான்’, மற்ற சில்லறைகள்

‘டிஸ்’ பெயரடையில் அதிகம் வராது. டிஸ்ஹானஸ்ட், டிஸ்ஒபீடியன்ட், டிஸ்லாயல், டிஸ்ரெஸ்பெக்ட்ஃபுல், டிஸ்ஆர்கனைஸ்டு. இதில் வெறும் ‘இல்லை’யைவிடக் கொஞ்சம் மனக்கசப்பு அதிகம். ‘ஹானஸ்ட்’டில் எச் எழுத்து பேசாது, எழுத்தில் மட்டும் இருக்கும், ‘டிஸ்ஆனஸ்ட்’ என்றுதான் ஒலிக்கும்.

‘நான்’ எல்லோருக்கும் தெரியும், நான்வெஜ் சாப்பிடாதவர்களுக்குக் கூட. ஏற்காட்டில் சீசன் நேரத்தில் ரூம் கேட்டால் முதல் கேள்வி ஏசியா, நான் ஏசியா. இது உணர்ச்சி இல்லாத ஒட்டு. திட்டாது, வருத்தப்படாது, இந்த வகையா அந்த வகையா என்று பிரித்து வைக்கும். கையில் பத்திரத் தாள் இருந்தால் எடுத்துப் பாருங்கள், ‘இந்தியா நான் ஜுடிஷியல்’ என்று அச்சடித்திருக்கும். நீதிமன்றக் கட்டணத்துக்கு உரியதல்ல, ஒப்பந்தம், கிரயம் போன்றவற்றுக்கானது என்று அர்த்தம். நீதிக்கு எதிரானது என்று அர்த்தமில்லை.

‘நான்’னுக்கும் ‘அன்’னுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரே சொல்லில் காட்டலாம். பொழுதுபோக்குக்குக் கேமரா தூக்கி, ஏற்காட்டின் ‘லேடீஸ் சீட்’ காட்சிமுனையில் மேகத்தைப் படம் எடுப்பவர் ‘நான்புரொஃபெஷனல்’ போட்டோகிராஃபர். அது அவருடைய தொழில் அல்ல, அவ்வளவுதான். கல்யாணத்துக்கு முன்பணம் வாங்கிவிட்டு முகூர்த்தம் முடிந்து வந்து நிற்பவர் ‘அன்புரொஃபெஷனல்’. முதலாமவரை இரண்டாவது சொல்லால் அழைத்தால் சண்டை வரும்.

கிரேக்கத்து ‘ஏ’, உயிருக்கு முன்னால் ‘ஆன்’ ஆகும். படித்தவர் எழுத்தில் வரும், புதியவர்களுக்கு அவசரமில்லை. ‘அனானிமஸ்’ ஒன்று போதும். பெயர் இல்லாத என்று பொருள், நம் ஊர் மொட்டைக் கடுதாசி.

வாலில் மறுக்கும் ஆங்கிலமும் உண்டு. ‘-லெஸ்’. சீட்லெஸ் திராட்சை, யூஸ்லெஸ், கேர்லெஸ். தமிழின் ‘இல்லாத’ போலவே கடைசியில் வருவதால் நம்மவர்களுக்கு இது சுலபமாக வருகிறது. ‘-ஃபுல்’ என்று முடியும் பல சொற்களுக்கு ‘அன்’னைத் தேடாமல் வாலை மாற்றுங்கள்: யூஸ்ஃபுல், யூஸ்லெஸ். ஆனால் ‘ஹெல்ப்ஃபுல்’லில் நிதானம் வேண்டும். உதவி செய்யாதவர் ‘அன்ஹெல்ப்ஃபுல்’. உதவிக்கு ஆள் இல்லாமல் தவிப்பவர் ‘ஹெல்ப்லெஸ்’.

பார்த்தால் மறுப்பு, உண்மையில் வேறு

ஏற்காட்டில் ஒரு லாட்ஜில் கவுன்டரில் வேலை பார்க்கும் பையன் என்னிடம் படித்தான். ஒரு இரவு தங்கியிருந்தவர்களின் குழந்தைக்குக் காய்ச்சல். மழையில் போய், கடையைத் தட்டித் திறக்கவைத்து மருந்து வாங்கி வந்திருக்கிறான். மறுநாள் அவர்கள் கிளம்பும்போது விருந்தினர் நோட்டில் அவன் பெயரைப் போட்டு, அவனுடைய உதவி ‘இன்வால்யுவபிள்’ என்று எழுதிவிட்டுப் போனார்கள். அந்த வாரம் வகுப்புக்கு வந்தவன் முகமே சரியில்லை. “வால்யுவபிள்னா மதிப்புள்ளது. இன் போட்டா மதிப்பில்லாததுதானே மிஸ்? நனைஞ்சு போய் வாங்கிட்டு வந்தேன், இப்படி எழுதிட்டாங்களே.” விதியை அவன் சரியாகத்தான் படித்திருந்தான். சொல்தான் அவனைக் கைவிட்டது.

‘இன்வால்யுவபிள்’ என்றால் மதிப்பு போட முடியாத அளவுக்கு உயர்ந்தது. தமிழில் அப்படியே இருக்கிறது. ‘மதிப்பற்ற’ என்றால் ஒன்றுக்கும் உதவாதது, ‘விலைமதிப்பற்ற’ என்றால் விலை சொல்லவே முடியாதது. ‘அற்ற’ ஒன்றுதான், ஆனால் ஒன்று வசவு, மற்றது பாராட்டு. சொன்னதும் அந்த நோட்டுப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டான்.

இன்னும் மூன்று நான்கு இருக்கின்றன, ஒவ்வொன்றாகத் தெரிந்துகொள்வதைத் தவிர வழியில்லை. பைபாஸில் முன்னால் போகும் டேங்கர் லாரியின் முதுகில் ‘ஹைலி இன்ஃப்ளேமபிள்’ என்று எழுதியிருக்கும். தீப்பிடிக்காது என்று நினைத்துப் பக்கத்தில் பீடி பற்றவைத்தால் அவ்வளவுதான். இங்கே ‘இன்’ மறுப்பு அல்ல. ‘ஃப்ளேமபிள்’, ‘இன்ஃப்ளேமபிள்’ இரண்டுக்கும் ஒரே பொருள், எளிதில் பற்றக்கூடியது. பற்றாதது ‘நான்ஃப்ளேமபிள்’. ‘இன்ஃபேமஸ்’ என்றால் புகழில்லாதவர் அல்ல, கெட்ட பெயரால் எல்லோருக்கும் தெரிந்தவர். ‘இன்டிஃபரன்ட்’ என்றால் வித்தியாசமில்லாத அல்ல, எதைப் பற்றியும் கவலைப்படாத. ‘அன்இன்ட்ரஸ்டெட்’ என்றால் ஆர்வமில்லாத. ‘டிஸ்இன்ட்ரஸ்டெட்’ என்றால் தனக்கு லாபம் பார்க்காத, நடுநிலையான. பஞ்சாயத்து பேச வருகிறவர் இரண்டாவதாக இருக்கலாம், முதலாவதாக இருந்தால் தூங்கிவிடுவார். இப்போது ஆங்கிலேயர்களே இந்த இரண்டையும் கலந்து பேசுகிறார்கள். எழுதும்போது பிரித்து எழுதுவது நல்லது.

இரட்டை மறுப்பைக் கண்டும் பயப்பட வேண்டாம். ‘நாட் இம்பாசிபிள்’ என்றால் முடியாதது இல்லை, கஷ்டம் ஆனால் முடியும். “பணம் இல்லாம இல்ல, குடுக்கத்தான் மனசில்ல” என்று பேசுகிற நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா என்ன.

இருபது வளைவுப் பயிற்சி

அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் எண் போட்ட பலகை. டூரிஸ்ட் டாக்ஸி ஓட்டும் மாணவர் ஒருவர் கண்டுபிடித்த முறை இது. ஏறும்போது வளைவுக்கு ஒரு நேர்ச்சொல், இறங்கும்போது அதே வளைவில் அதன் எதிர்ச்சொல். ஓட்டுகிறவர் மனசுக்குள் சொன்னால் போதும். பஸ்ஸில் போகிறவர்கள் வாய்விட்டே சொல்லலாம், தலைசுற்றலும் தெரியாது.

ஏறும்போது: சேஃப், லக்கி, லீகல், பொலைட், பாபுலர், ஹானஸ்ட், ரெலவன்ட், ரிலையபிள், விசிபிள், ஆல்கஹாலிக், மேரீடு, பேஷன்ட், ஒபீடியன்ட், ரீசனபிள், லிட்டரேட், இன்ட்ரஸ்டிங், கரெக்ட், எக்ஸ்பீரியன்ஸ்டு, பர்ஃபெக்ட், யூஸ்ஃபுல்.

இறங்கும்போது பலகை இருபதிலிருந்து தொடங்கும், ஆகவே விடையும் அங்கிருந்தே: யூஸ்லெஸ், இம்பர்ஃபெக்ட், இன்எக்ஸ்பீரியன்ஸ்டு, இன்கரெக்ட், அன்இன்ட்ரஸ்டிங், இல்லிட்டரேட், அன்ரீசனபிள், டிஸ்ஒபீடியன்ட், இம்பேஷன்ட், அன்மேரீடு, நான்ஆல்கஹாலிக், இன்விசிபிள், அன்ரிலையபிள், இர்ரெலவன்ட், டிஸ்ஹானஸ்ட், அன்பாபுலர், இம்பொலைட், இல்லீகல், அன்லக்கி, அன்சேஃப்.

முதல் தடவையில் பன்னிரண்டு சரியாக வந்தால் நல்ல ஆரம்பம். எட்டாவது வளைவும் பதினான்காவது வளைவும்தான் எல்லோரையும் கவிழ்க்கும், இரண்டிலும் ஆர் எழுத்து, இரண்டிலும் ‘அன்’. அந்த டாக்ஸிக்காரர் பதினான்காவது வளைவுக்கு வந்தால் இன்றைக்கும் ‘இர்’ என்று ஆரம்பித்து, ஸ்டியரிங்கைத் திருப்பி முடிப்பதற்குள் ‘அன்’னுக்கு மாறிக்கொள்கிறாராம்.